இயற்கை என்றாலே நல்லதுதானா?

ஞாயிற்றுக்கிழமை மாலை பங்சார் ஜாலான் தெலாவி பக்கம் ஒரு முறை நடந்து பாருங்கள். இரவுச் சந்தையில் கங்கோங், பாயாம், முருங்கைக்கீரைக் கட்டுகள் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால், அதே போன்ற கீரையைச் சாறாக்கிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்று எழுதிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் அந்தப் புட்டிகளுக்கும், ‘மூலிகைச் சத்து’ என்று இணையத்தில் விற்கும் மாவு, மாத்திரைகளுக்கும் வாடிக்கையாளர்கள் ஏராளம்.

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதை நடத்திய புங்கே, கிரிசார் என்ற இருவரின் பெயர்கள் சேர்ந்துதான் ‘பங்சார்’ ஆனது என்பார்கள். தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு லயத்துக்குப் பின்னால் வளர்ந்த துளசி, கற்பூரவல்லி, முருங்கை ஆகியவைதான் முதல் மருந்து. தோட்டத்து டிரஸ்ஸரிடம் போவதற்கு முன் பாட்டியின் கஷாயத்தைக் குடித்தாக வேண்டும். ஆகவே இயற்கை மருத்துவம் நமக்குப் புதிதல்ல. அன்று அந்தச் செடியை நட்டவரும் பறித்தவரும் காய்ச்சியவரும் நம் வீட்டு ஆள்தான். இன்று புட்டிக்குள் இருப்பது என்ன, அதை அடைத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

களைப்புக்குக் காரணம் என்ன?

என் வயதுத் தோழிகள் பலர் சொல்லும் முதல் குறை களைப்பு. காலை எட்டு மணி விரிவுரையிலேயே கண் சொருகுகிறது. உடனே கை நீளுவது சக்தி பானத்துக்கு அல்லது தொங்காட் அலி காப்பிக்கு.

மூளை விழித்திருக்கும் நேரம் முழுவதும் அடினோசின் என்ற பொருள் அதில் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் வரும். காப்பியிலும் தேநீரிலும் சக்தி பானத்திலும் உள்ள காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு தீர்வதில்லை. களைப்பாக இருக்கும் செய்தி மட்டும் மூளைக்கு எட்டாமல் போகிறது. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினொரு மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். தூக்கம் கெடும். மறுநாள் இன்னொரு டின் தேவைப்படும். காஃபினும் செடியிலிருந்து வரும் இயற்கைப் பொருள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

களைப்புக்கு இன்னொரு காரணம் இரத்தச்சோகை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. அந்த மூவரில் நானும் ஒருத்தி. முதலாம் ஆண்டில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம் என்று உறுதியான பின், மருத்துவர் சில மாதங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே, “சாப்பாட்டோடு டீ குடிக்காதே. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி” என்றார்.

வாழை இலையில் கீரையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கையோடு ஒரு தே தாரிக் குடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கின்றன. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அதற்கு உதவுகிறது. கீரைப் பொரியலில் அரை எலுமிச்சம்பழம் பிழிவதற்கு அதிகச் செலவில்லை. இறைச்சி சாப்பிடுவோருக்கு ஈரல், கெராங் ஆகியவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரையை நாமே வாங்கி விழுங்கக் கூடாது. தலசீமியா போன்ற பிறவிக் குறைபாட்டாலும் இரத்தச்சோகை வரும். அப்போது இரும்பு உடலில் தேங்கிக் கெடுதல் செய்யலாம்.

அத்தையின் கால்விரல்

கிள்ளானில் இருக்கும் என் அத்தைக்கு எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. அவர் மட்டுமல்ல, அதே 2019 ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து ஒரு மூலிகைச் சாற்றை அத்தையிடம் விற்றார். “மாத்திரை எல்லாம் கெமிக்கல். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இது முழுக்க இயற்கை” என்றாராம். அத்தை சாற்றைக் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் கேட்டதற்கு, “இலை தழைதானேம்மா, என்ன செஞ்சிடப் போகுது?” என்று சிரித்தார். நான்காவது மாதம் காலில் சிறு புண். வலிக்கவில்லை என்பதால் கவனிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சாறு அத்தைக்கு நஞ்சாக இருந்திருக்க வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டிருந்த மருந்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டதே போதும். மாறாக, மாத்திரையையும் விட்டுவிடாமல் பாகற்காய்ச் சாற்றையும் அளவின்றிக் குடித்தால், சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரவும் கூடும். அதனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்கும் வேர் உண்டு

‘கெமிக்கல்’ என்று அத்தை ஒதுக்கிய மாத்திரை மெட்ஃபார்மின். அதன் கதை தொடங்குவதே ஒரு செடியில்தான். ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்து மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில், சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருப்பது தெரியவந்தது. அது நச்சுத்தன்மை கொண்டது. அதற்கு உறவான, பாதுகாப்பான பொருள்களைத் தேடிய வழியில் கிடைத்ததுதான் மெட்ஃபார்மின். 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் அதன் பயனைக் காட்டினார்.

சீன அறிவியலாளர் தூ யூயூவும் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டித்தான் மலேரியாவுக்கு மருந்து கண்டார். கொதிக்க வைத்தால் மருந்துச் சத்து கெடுகிறது என்பதைப் பழைய நூல் ஒன்றின் குறிப்பிலிருந்து ஊகித்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. முன்னோர் அறிவை மதிப்பது என்றால் இப்படிச் சோதித்துப் பார்ப்பதும்தான் என்று நான் நினைக்கிறேன்.

செடி கெடுக்கவும் செய்யும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்ததே காரணம். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்குத் தமிழில் ஆடுதின்னாப்பாளை என்று பெயர். ஆடுகூடத் தின்னாத செடி என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் பாரம்பரிய மருந்துப் பொருள்களை 1992 முதல் பதிவு செய்து வருகிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ பதிவு செய்த பாரம்பரிய மருந்துக்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டு வில்லையும் இருக்க வேண்டும். அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பதிவு எண் இருப்பதால் நோய் தீரும் என்று பொருளல்ல. தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கின்றன என்று மட்டுமே பொருள்.

பதிவில்லாத பொருள்களில் வேறு மருந்துகள் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. மூட்டுவலி ஜாமுவில் ஸ்டீராய்டு, மெலிவதற்கான காப்பியில் சிபுட்ராமின். இந்தச் சிபுட்ராமின், இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து. ஒரே வாரத்தில் பலன் தெரிந்தால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி நீரிழிவு, புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது குற்றம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், அதை அனுப்பிய மாமாவிடம் மரியாதையாக இந்தச் சட்டத்தைச் சொல்லலாம்.

சித்தமும் ஆயுர்வேதமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் அங்கீகரித்திருக்கிறது. 2007 முதல் சில அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகளும் இயங்குகின்றன. சிகிச்சை வேண்டுமென்றால் பதிவு பெற்றவரைத் தேடிப் போவோம்.

காசில்லாத மருந்துகள்

உண்மையிலேயே இயற்கையானவை சில இருக்கின்றன. அவற்றை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது.

தூக்கம்: நம் வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் தேவை. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் எழுதும் தம்பி தங்கைகளே, படித்தது மனத்தில் நிலைப்பது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்திய இரவு முழுக்க விழித்திருப்பது, நிரப்பிய குடத்தை நாமே கவிழ்ப்பது போன்றது.

நடை: பங்சாரில் இருப்போருக்குப் புக்கிட் பெர்செகுத்துவான் என்ற பச்சைக் குன்று பக்கத்திலேயே இருக்கிறது. நான் வாரம் மூன்று நாள் எல்ஆர்டி நிலையத்திலிருந்து பேருந்து ஏறாமல் நடந்தே வீடு போகிறேன். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தாலே, இரத்தத்தில் ஏறும் சர்க்கரை மட்டுப்படும்.

பானம்: 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள அடைக்கப்பட்ட பானங்களுக்கு அரசு 2019 ஜூலை முதல் வரி விதித்திருக்கிறது. மாமாக் கடைத் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. ‘கூராங் மானிஸ்’ என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கங்களைத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆகியும் களைப்பு நீங்கவில்லையென்றால், அடுத்த புட்டியைத் தேடாதீர்கள். பக்கத்து அரசு கிளினிக்கிற்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வீட்டில் அத்தையோ தாத்தாவோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால், இந்த வார இறுதியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். எது இருக்கிறது, எதை நிறுத்தியிருக்கிறார்கள், எந்தப் புட்டியில் பதிவு எண் இல்லை என்று கேளுங்கள். இருமொழியும் படித்த நமக்கு அந்தச் சீட்டுகளைப் படித்துச் சொல்வது பெரிய வேலையல்ல. அவர்களுக்கு அது ஒரு காலைக் காப்பாற்றும் வேலையாக இருக்கலாம்.