மழைக்காலத்தில் திரும்பும் பூனை நாற்றம்

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. மூத்திரம் போன இடத்தை அன்றே கழுவித் துடைத்தாயிற்று. பினாயில் தெளித்து, சாம்பிராணியும் போட்டாயிற்று. சில நாள் ஒன்றும் தெரிவதில்லை. வானம் மூட்டம் போட்டதும் அதே மூலையிலிருந்து வீச்சம் கிளம்புகிறது. பூனை மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது என்று அதன்மேல் பழி விழுகிறது. பல நேரங்களில் பூனை அந்தப் பக்கம் போயே இருக்காது. தரைக்குள் தங்கிவிட்ட, மணமே இல்லாத பொருள்களிலிருந்து நாற்றம் புதிது புதிதாக உண்டாகிக்கொண்டிருக்கிறது. இது விளங்கிவிட்டால், கடையில் அடுக்கியிருக்கும் பாட்டில்களில் எது உதவும், எது உதவாது என்பதை நாமே ஓரளவு கணித்துவிடலாம்.

பூனையின் சிறுநீரில் இரண்டு பொருள்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று யூரியா. இதற்கு நெடி கிடையாது. பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி இதைச் சிதைக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா பிறக்கிறது. அம்மோனியா சீக்கிரமே காற்றோடு போய்விடும். பூனைக்கே உரிய அந்தக் கெட்ட வீச்சத்துக்குக் காரணம் இரண்டாவது பொருள். பெலினைன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் அது. பூனையின் சிறுநீரில் அது இருப்பதை வெஸ்டால் என்ற ஆய்வாளர் 1953-இல் அறிவித்தார். காக்சின் என்ற புரதம் அதன் உற்பத்திக்குத் துணைபோகிறது என்பதை ஜப்பானில் மியாசாகியும் அவருடைய குழுவினரும் 2006-இல் காட்டினார்கள். பெலினைனுக்கும் மணமில்லை. அது மெல்ல மெல்லச் சிதைந்து, தயால் வகையைச் சேர்ந்த கந்தகச் சேர்மமாக மாறுகிறது. தயால்களை மிகமிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு பிடித்துவிடும். மூத்திரம் போன அன்றைக்கு இருந்ததைவிட நாள்பட நாற்றம் கூடுவது இதனால்தான்.

சரி, கழுவிய பிறகும் இவை எப்படித் தங்குகின்றன? வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. நீரை மிச்சம் பிடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்கும் சிறுநீரகம் அந்த வழியில் வந்தது. ஆகவே கொஞ்சமாகப் போனாலும் அதில் சரக்கு அதிகம். அது டைல்ஸின் வழவழப்பான முகத்தில் நிற்பதில்லை; இடுக்குகளில் பூசிய சிமென்டுக்குள் இறங்குகிறது. கடுவன் சுவரில் பீய்ச்சினால் சுண்ணாம்புப் பூச்சில் வழிந்து, சுவரும் தரையும் சேரும் விரிசலுக்குள் போகிறது. கதவு நிலையின் அடிக்கட்டையும் இலவம்பஞ்சு மெத்தையும் இன்னும் ஆழமாக உறிஞ்சுகின்றன. ஈரத்துணி மேற்பரப்பைத்தான் தொடும். தண்ணீர் காய்ந்ததும் உப்புகளும் மற்றவையும் உள்ளே படிகின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றை அவை இழுத்துக்கொள்ள, பாக்டீரியாக்களுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா என்றால், வெயில் ஈரத்தையும் ஆவியாகக்கூடியதையும் விரட்டும், படிந்ததை விரட்டாது.

இதை வைத்து வழக்கமான வைத்தியங்களை எடைபோடலாம். சாம்பிராணியும் வாசனைத் தெளிப்பான்களும் நாற்றத்தின்மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகின்றன, அவ்வளவுதான். வினிகரோ எலுமிச்சையோ அம்மோனியாவை உப்பாக்கி அடக்கும். தயாலிடம் அவற்றின் பாச்சா பலிக்காது. மேலும் சலவைக்கல் தரையை அமிலம் அரித்து மங்கலாக்கிவிடும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்கும். ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிட்டன என்பதைத்தான் அந்த நுரை காட்டுகிறது. பிளீச்சிங் பவுடர் ஆபத்தானது: அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சுக்குழாயைத் தாக்கும் குளோரமைன் வாயுக்கள் வரும். பினாயிலிலும் ஒரு கேடு இருக்கிறது. பீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றுவதற்கான முக்கியமான நொதி ஒன்று பூனையின் கல்லீரலில் வேலை செய்வதில்லை. பீனால் கலந்த திரவம் பூசிய தரையில் நடந்து, பாதத்தை நக்கிக்கொள்ளும் பிராணிக்கு அது நஞ்சு.

அப்படியானால் எதுதான் பயன்படும்? சேர்மத்தின் தன்மையையே மாற்றுவது. தயாலை ஆக்சிஜனேற்றம் செய்தால் எளிதில் ஆவியாகாத, மணமற்ற அமிலமாக மாறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்திலும் தயால்களே நாறுகின்றன. பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1993-இல் வெளியிட்ட மருந்து இதற்குப் பேர்போனது: சுமார் ஒரு லிட்டர் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கால் கப் ஆப்ப சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். அதே தர்க்கம் இங்கேயும் பொருந்தும். மருந்துக்கடை பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கலாம். அப்போதைக்கப்போது கலந்துகொள்ள வேண்டும். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். சாயத்தையும் வெளுக்கும் என்பதால் துணியில் ஓரமாகச் சோதித்த பிறகே ஊற்ற வேண்டும். பூனையின் மேல் படக்கூடாது.

நொதித் திரவங்கள் எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. யூரிக் அமிலப் படிகங்களைக் கரைப்பதாகப் பல பாட்டில்கள் பெருமையடிக்கின்றன. மனிதனைப் போலன்றிப் பூனை தன் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை அல்லன்டாயின் என்ற பொருளாக மாற்றியே வெளியேற்றுகிறது. ஆனாலும் நொதிகளும், சில திரவங்களில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் யூரியாவையும் புரதங்களையும் சிதைப்பது உண்மை. வாங்கியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில். தெளித்து உடனே துடைத்தால் பலனில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்கி, பல மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். முன்பே கிருமிநாசினி போட்ட இடமானால் அந்த நல்ல பாக்டீரியாக்களும் செத்துப்போகும். வெறும் தண்ணீர் விட்டு அலசிய பிறகே ஊற்ற வேண்டும்.

முடிவை உரசிப் பார்க்க வீட்டுக்காரர் மூக்கு போதாது. ஒரே மணத்தில் இருந்துகொண்டே இருந்தால் நுகரும் உணர்வு மழுங்கிவிடும். ஈரக்காற்று வீசும் நாளில், வெளியாள் ஒருவர் நுழைந்ததும் என்ன சொல்கிறார் என்பதே சரியான சோதனை. பூனையின் மூக்கு அதைவிடக் கூர்மை: பழைய தடம் மிச்சமிருந்தால் அங்கேயே திரும்ப வரும்.

இத்தனையும் வந்தபின் செய்கிற வேலை. பெலினைனை மிக அதிகமாக வெளியேற்றுபவை காயடிக்கப்படாத கடுவன்கள். காயடித்தால் அதன் அளவும், பீய்ச்சி எல்லை குறிக்கும் பழக்கமும் குறைகின்றன. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள் வைப்பதும் நல்லது. இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால் திட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடுவன் முக்கி முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம்; அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத, உயிருக்கே ஆபத்தான நிலை.