சின்னக் கைகளில் மிச்சக்காசு

இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஒன்றில் நாம் மாலை வகுப்பு நடத்திய நாட்களில் நடந்தது இது. தரம் மூன்றில் படிக்கும் ஒரு சிறுமியிடம் தாய் 500 ரூபாத் தாளைக் கொடுத்துப் பருப்பு வாங்கிவர அனுப்பினார். கொண்டுவந்த மிச்சக்காசில் 100 ரூபா குறைந்திருந்தது. கடைக்காரர் சரியாகக் கொடுத்ததாகச் சொன்னார். கடையில் தவறியதா, வழியில் விழுந்ததா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அடி வாங்கியவள் பிள்ளை. அதன்பின் அவள் கடைப்பக்கம் போகவே மறுத்துவிட்டாள்.

அவளுடைய கணக்குக் கொப்பியைப் பார்த்தோம். கழித்தல் கணக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன. கொப்பியில் தெரிந்ததைக் கையில் காசை வைத்துச் செய்ய அவளை எவரும் பழக்கவில்லை.

சொந்த ஊரில் வயலும் தோட்டமும் இருந்தபோது நம் பிள்ளைகள் தகப்பனின் பக்கத்தில் நின்றே சுண்டும் கொத்தும் அளக்கப் பழகினார்கள். இன்று ஒரு பிடி கீரையும் காசுக்குத்தான். ஆகவே காசை எண்ணுவதையும் அவ்வாறே பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெரிய செலவில்லை. பழைய மட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், அடிமட்டம், வர்ணப் பென்சில், சோடா மூடிகள் போதும்.

முதலாவது, தாள் செய்யும் விளையாட்டு. மத்திய வங்கி 2011ஆம் ஆண்டு வெளியிட்ட வரிசையில் 20, 50, 100, 500, 1000, 5000 ரூபா என ஆறு தாள்கள் உண்டு. 20 ரூபாத் தாளின் நீளம் 128 மில்லிமீற்றர். அடுத்தடுத்த தாள் ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர் கூடி, 5000 ரூபாத் தாள் 153 மில்லிமீற்றர் ஆகிறது. பிள்ளைகளே மட்டையை அளந்து வெட்டட்டும். 50க்கு நீலம், 100க்குச் செம்மஞ்சள், 500க்கு ஊதா, 1000க்குப் பச்சை தீட்டி இலக்கத்தை எழுதட்டும். உண்மைத் தாளைப் பிரதி எடுக்க வேண்டாம். சட்டம் அதற்கு இடமளிக்காது. நாணயங்களுக்குச் சோடா மூடியில் 1, 2, 5, 10 என எழுதலாம். 2017ஆம் ஆண்டு முதல் வந்த நாணயங்கள் யாவும் ஒரே வெள்ளி நிறமானவை. எனவே நிறத்தை நம்பாமல் இலக்கத்தை வாசிக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, நூறு சேர்க்கும் விளையாட்டு. பிள்ளைகளை இரு குழுவாக்கி, 100 ரூபாவை எத்தனை வகையாகக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். 20, 50 தாள்கள் மட்டும் இருந்தால் இரண்டே வழிதான்: ஐம்பது இரண்டு, அல்லது இருபது ஐந்து. ஒரு 10 ரூபா நாணயத்தைச் சேர்த்துவிட்டால் 50, 20, 20, 10 என்ற புதிய வழி பிறக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

மூன்றாவது, கடை விளையாட்டு. ஒரு பிள்ளை முதலாளி, மற்றவர்கள் வாங்குவோர். பொருளின் விலை 130 ரூபா, கொடுத்தது 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கழிக்கச் சொல்லாதீர்கள், விலையிலிருந்து மேலே எண்ணச் சொல்லுங்கள். 130 உடன் 20 வைத்தால் 150. அதனுடன் 50 வைத்தால் 200. பிறகு மூன்று நூறு வைத்தால் 500. வைத்த காசைக் கூட்டினால் 370. அதுவே மிச்சம். இடையிடையே 'முதலாளி' வேண்டுமென்றே ஒரு தாளைக் குறைத்துக் கொடுக்கட்டும். வாங்குபவர் அங்கேயே நின்று எண்ணி, "ஐயா, நூறு ரூபா குறையுது" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். வாய் திறந்து சொல்லும் துணிவும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

நம் வகுப்பில் அந்தச் சிறுமி முதலில் விளையாட்டுக் கடைக்கும் வரவில்லை. அவளையே முதலாளியாக இருத்தினோம். இரண்டு கிழமையில் மற்றவர்களின் பிழையை அவள் பிடிக்கத் தொடங்கினாள். ஒருநாள் தாய் நம்மிடம் வந்து, வீட்டுக் கடன் கொப்பியை மகள் வரிவரியாகக் கூட்டிப் பார்த்ததாகச் சொன்னார். ஓரிடத்தில் ஒரே பொருள் இருமுறை எழுதப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் காட்டியபோது அவரும் மறுக்காமல் வெட்டிவிட்டார்.

பெற்றோரே, கடன் கொப்பியோடு வாழும் குடும்பத்துக்கு எண்ணத் தெரிந்த ஒரு பிள்ளை பெரும் பலம். இன்று மாலை சிறு தொகையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் உங்கள் முன்னால் எண்ணச் சொல்லுங்கள். கணக்குத் தவறினால் அடிக்காதீர்கள். கூட இருந்து, இன்னொருமுறை எண்ணுங்கள்.