வாரண்டி முடிந்த மறுநாள்

காரைக்கால் மாவட்டம் முழுவதும் சேர்த்தே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, இரண்டு லட்சம். இந்தச் சிறு பரப்புக்குள் திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., நகருக்குள் ஜிப்மர் கிளை, செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி, வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக் என்று வளாகங்கள் வரிசையாக இருக்கின்றன. கணினி, வைஃபை, ஸ்மார்ட் போர்டு, இணையவழிப் பாடம் எல்லாம் இவற்றுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வந்ததைப் பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் இன்னும் சரியாகத் தீராத கேள்வி.

இந்தியாவின் எந்தக் கல்லூரியிலும் இதே கேள்வி உண்டு. காரைக்காலில் அது சற்றுக் கூர்மையானது. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர், புதுச்சேரியோடு சேர்ந்து 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. நிலப்பக்கம் முழுக்கத் தமிழ்நாடு, கிழக்கே கடல், தலைமைச் செயலகமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். என்.ஐ.டி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஜிப்மர் மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் கீழ். அரசுக் கல்லூரிகள் புதுச்சேரி அரசுக்கு உட்பட்டவை. ஒரு வளாகத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் எரிந்துபோகிறது, பக்கத்து வளாகத்தில் அதே ஸ்விட்ச் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக் ரிஜிஸ்டர் வேறு, துறை வேறு, கணக்குத் தணிக்கை வேறு. இரவல் கொடுக்க வழியில்லை.

சிக்கலின் வேர் பணம் வரும் விதத்தில் இருக்கிறது. அரசு நிறுவனங்களில் கருவி வாங்குவதற்கான நிதி மூலதனச் செலவுத் தலைப்பில் வரும். பராமரிப்பு, லைசென்ஸ் புதுப்பித்தல், உதிரிப் பொருள், ஆட்களின் சம்பளம் எல்லாம் வருவாய்ச் செலவு. முதல் வகைக்குத் திட்டங்களும் சிறப்பு நிதியும் அவ்வப்போது வரும், ரிப்பன் வெட்டவும் ஆள் வருவார். இரண்டாவது வகை ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டியது, நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையச் சந்தை 2016-இல் வந்தபின் வாங்குவது எளிதாகிவிட்டது. மூன்று ஆண்டு வாரண்டி முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, போடுவதற்கு மட்டும் கோப்பு பழைய வேகத்திலேயே நகர்கிறது.

அதற்குள் கடல் தன் வேலையைக் காட்டியிருக்கும். திருவேட்டக்குடி கடலோர ஊர். உப்புக் காற்று ஏசியின் வெளிப்புற யூனிட்டையும், மொட்டைமாடி ஆன்டெனாவின் திருகுகளையும், சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களையும் அரிக்கும். சர்வர் அறையில் ஏசி நின்றால் சர்வரின் ஆயுளும் குறையும். யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமில பேட்டரி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுதான் தாங்கும், வெப்பம் கூடினால் அதுவும் இல்லை. வாங்கும்போதே மாற்றுச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் யாரும் அப்படிக் கணக்கிடுவதில்லை. கடைசியில் யுபிஎஸ் பச்சை விளக்கோடு நிற்கும், கரண்ட் போன கணத்தில் எல்லாம் அணையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது காரைக்காலும் அடிபட்டது. வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் காரைக்காலிலேயே இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையமும் இருக்கிறது. புயலை அருகிலிருந்தே பார்க்கலாம், மின்சாரத்தையும் இங்கேயே எடுக்கலாம். ஆனால் சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தும்வரை இரண்டாலும் ஒரு கல்லூரியின் சர்வருக்குப் பயனில்லை. புயல் பகுதியில் இருக்கும் கல்லூரி தன் மாணவர் பதிவேட்டின் நகலை வேறு ஊரில் வைத்திருக்க வேண்டும் என்பதும், ஜெனரேட்டருக்கு டீசல் கையிருப்பு வேண்டும் என்பதும் தொழில்நுட்பச் செலவில் சேர்ந்தவையே.

இணைய இணைப்பை எடுத்துக்கொண்டால், இந்தியக் கல்வி உலகுக்கு நல்ல அடித்தளம் உண்டு. தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை 2010 மார்ச்சில் ஒப்புதல் தந்தது, மதிப்பீடு 5,990 கோடி ரூபாய். தேசிய நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் கிகாபிட் வேக இழையால் கோக்கும் திட்டம் இது. மருத்துவக் கல்லூரிகளைத் தொலைவழிக் கற்பித்தலில் இணைக்கும் தேசிய மருத்துவக் கல்லூரி வலையமைப்பும் இதன்மேல்தான் ஓடுகிறது. அதன் மண்டல மையங்களில் ஒன்று புதுச்சேரி ஜிப்மர். 2016-இல் 50 எம்.பி.பி.எஸ். மாணவர்களோடு தொடங்கிய காரைக்கால் கிளைக்கு இது சும்மா கிடைத்த வசதி அல்ல, உண்மையான தேவை. ஆனால் கிகாபிட் இழை வளாக வாசல்வரைதான் வரும். அங்கிருந்து விடுதியின் மூன்றாவது மாடிவரை கொண்டுபோவது கல்லூரியின் பொறுப்பு. “நெட் ஸ்லோ” என்று மாணவர் புலம்பும்போது, பல நேரம் குற்றவாளி வெளி இழை அல்ல. நாற்பது பேருக்கு ஒரே அக்சஸ் பாயிண்ட், அல்லது எலி கடித்த கேபிள்.

நூலகத்துக்கும் இதே கதை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். தனியாக வாங்க வேண்டுமென்றால் காரைக்காலின் ஓர் அரசுக் கலைக் கல்லூரி கனவிலும் நினைக்க முடியாத தொகுப்பு. இதைத் திறக்கக் கல்லூரி பதிவு செய்ய வேண்டும், பயனர் கணக்குகளைத் தர வேண்டும், எம்.ஏ. மாணவிக்கு ஒரு கட்டுரையைத் தேடி எடுப்பது எப்படி என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். அந்த ‘யாராவது’ நூலகர். அவரே அட்டெண்டன்ஸ் மென்பொருளையும் கவனிக்கும் நிலை பல ஊர்களில் உண்டு. என் பார்வையில், இந்த 6,000 கோடியின் பலன் சிறு கல்லூரிகளில் நூலகருக்கு ஒதுக்கப்படும் நேரத்தைப் பொறுத்தே அமையும்.

ஆசிரியர்கள் புதியதை ஏற்க மறுக்கிறார்கள் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. இணையவழிப் பாடங்களுக்கான ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9-இல் தொடங்கியது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடுவரை அதில் படித்துக் கிரெடிட் பெறலாம் என்று யுஜிசி 2021-இல் விதி வகுத்தது. பதிவுத் தேதியைக் கவனிப்பது, தேர்வு மையம் தேடுவது, மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகப் பட்டியலில் ஏற்றுவது எல்லாம் கடைசியில் ஓர் ஆசிரியரின் தலையில் விழும். வகுப்பு நேரத்தில் அதற்குக் கழிவு இல்லை. பிறகு அவர் முகம் சுளித்தால், மாற்றத்துக்கு எதிரானவர் என்ற பெயர்.

மலிவாகவும் இலவசமாகவும் வருவதைப் பற்றி இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2011 அக்டோபர் 5-இல் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்லெட் நினைவிருக்கலாம். கல்லூரி மாணவர்களுக்கான மலிவு விலைக் கருவி அது. மெதுவான பிராசஸர், அழுத்தித் தொட வேண்டிய திரை, நிற்காத பேட்டரி என்று புகார்கள் குவிந்து ஓய்ந்துபோனது. அது கருவியின் குறை. கூகுளின் கதை வேறு மாதிரி. கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பிடம் இலவசம் என்றார்கள். வளாகங்கள் மின்னஞ்சல், வகுப்பு வீடியோ எல்லாவற்றையும் அங்கே கொட்டின. 2021 பிப்ரவரியில் அளவற்றது இனி இல்லை, நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட்தான் என்று அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கும் வந்தது. கொரோனா கால வகுப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தவர்கள் எதை அழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் அதே நிறுவனம் இந்திய மாணவர்களுக்குத் தன் செயற்கை நுண்ணறிவுச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அறிவித்தது. ஓராண்டு என்பதைக் கல்லூரிகள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

காரைக்காலுக்குப் பொருத்தமான ஒரு வழி தெரிகிறது. பெரிய கருவி பழுதானால் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சர்வீஸ் எஞ்சினியர் வரவேண்டும். ஆனால் அன்றாடப் பழுதுகளில் பெரும்பகுதி கேபிள், பாஸ்வேர்டு, புரொஜெக்டர், பிரிண்டர் வகையைச் சேர்ந்தவை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவருக்கு இவை எட்டாதவை அல்ல. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில், 2019-இல் திருத்திய விதி டிப்ளமோ படித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 8,000 ரூபாய் என்று வகுத்தது. அதில் 4,000 வரை மத்திய அரசு திருப்பித் தந்தது. தொகையை உயர்த்தும்படி 2025-இல் பரிந்துரையும் வந்தது. 2019 கணக்கிலேயே வைத்தால், மூன்று பழகுநர்களுக்கு ஒரு கல்லூரியின் பங்கு ஆண்டுக்கு 1,44,000 ரூபாய்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழகுநர் ஓராண்டில் விடைபெற்றுப் போய்விடுவார். எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது, எந்த லைசென்ஸ் எந்த மாதம் முடிகிறது என்பதை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க நிரந்தரமான ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் இருந்தாக வேண்டும். அரசுக் கல்லூரிகளில் அந்தப் பணியிடத்தை உருவாக்கும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்கு இல்லை. கோப்பு புதுச்சேரிக்குப் போய் வரவேண்டும்.