கன்றின் கலங்களில் விளைந்த காப்பு

2011ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி, உரோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனத்தின் மாநாடு, வெக்கை நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவித்தது. மேனாட்டார் 'ரிண்டர்பெஸ்ற்' என்றழைத்த இந்நோய், பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் வேரறுக்கப்பட்டதாகும். 1887ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவின் வடகிழக்கிற் புகுந்து, பத்தாண்டுக்குள் அக்கண்டத்தின் தென்பகுதியை எட்டி, வழிநெடுக நூற்றுக்கு 80, 90 என மாடுகளை மாய்த்த கொடுநோய் இது. உழவெருதும் பாற்பசுவும் இழந்த எதியோப்பியாவில் மக்களுள் மூன்றிலொரு பங்கினர் பஞ்சத்தால் மாண்டனரென மதிப்பிடுவர். இத்தகைய கூற்றுவனை வென்ற படைக்கலம் யாது என வினவுவார்க்கு, இளங்கன்றின் சிறுநீரகம் என விடை கூறின் அது மிகையாகாது.

கெனியாவில், நைரோபிக்கு அண்மையிலுள்ள முகுகா ஆராய்ச்சி நிலையத்தில், 1950களின் பிற்பகுதியில் இப்பணியை மேற்கொண்டவர் வோல்ற்றர் பிளவ்றைற் என்னும் ஆங்கிலேய விலங்கு வைத்தியர். ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலிகுறைத்த வைரசைக் கொண்ட தடுப்புமருந்து, 1920களிலேயே இந்தியாவில் உருவாகியிருந்தது. பல இன மாடுகளை அது காத்தது. வேறு சில இனங்களுக்கோ அதுவே நோயாயிற்று. மருந்தே கொல்லுமெனின் மந்தைக்காரன் அதனை நம்புவது எங்ஙனம்?

போலியோ வைரசைக் கண்ணாடிக் குழாயில் இழைய வளர்ப்பாற் பெருக்கலாமென 1949இல் அமெரிக்காவில் எண்டேர்சும் அவர்தம் துணைவரும் காட்டியிருந்தனர். அவ்வழியையே பிளவ்றைற்றும் பற்றினார். கொல்லப்பட்ட கன்றின் சிறுநீரகத்தைக் கிருமி தீண்டாவகை எடுத்து, பொடியாக நறுக்கி, திரிப்சின் என்னும் நொதியத்தில் இட்டால், இழையத்தின் பிணைப்பு நெகிழ்ந்து கலங்கள் தனித்தனியே பிரியும். உணவுநீர் கொண்ட குப்பியில் அவை அடியிற் படிந்து பெருகி, ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஒரு கலத் தடிப்பமே உள்ள மெல்லிய விரிப்பாகும். உடலினின்று நேரே பெற்றனவாதலின் இவை முதனிலைக் கலங்கள் எனப்படும். ஆயுள் குறுகியனவேனும் தாம் பிறந்த உறுப்பின் இயல்பைப் பெரிதும் மறவாதன. மாட்டைத் தேடும் வைரசு குப்பிக்குள்ளும் மாட்டையே கண்டது! அது புகுந்த கலங்கள் ஒன்றோடொன்று கலந்து பல கருக்களையுடைய இராட்சதக் கலங்களாவதை நுணுக்குக்காட்டியிற் காணலாம். முன்னர், ஒரு துளியில் வைரசு உண்டா என்றறியவே உயிருள்ள மாட்டை நோய்ப்படுத்த வேண்டியிருந்தது. இப்பொழுது ஒரு வரிசைக் குழாய்கள் போதியனவாயின.

நோயுற்ற மாட்டிலிருந்து பெறப்பட்டு, கபெற்றே ஆய்வுகூடத்தின் பெயரால் வழங்கிய வைரசினம் ஒன்றைப் பிளவ்றைற்றும் அவர் துணைவர் பெரிசும் குப்பியிலிருந்து குப்பிக்கு ஏறத்தாழ 90 முறை மாற்றி வளர்த்தனர். அதன் கொடுமை தணிந்தது; எதிர்ப்பை எழுப்பும் ஆற்றலோ குன்றவில்லை. எவ்வினத்திற்கும் எவ்வயதிற்கும் ஏற்ற மருந்து, ஒருமுறை ஏற்றினால் ஆயுட்காலம் காப்பது, கிடைத்துவிட்டது.

கன்றைக் கொன்று மாட்டைக் காப்பதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஒரு கன்றின் சிறுநீரகங்கள் பல்லாயிரம் மாடுகளுக்கு மருந்தளித்தன என்பதே அவர்க்கு யாம் கூறக்கூடிய விடை. எனினும் வேறொரு குறையை மறைத்தல் தகாது. தொகுதிக்குத் தொகுதி புதிய கன்று வேண்டும். கன்றுக்குக் கன்று கலங்களின் தன்மை வேறுபடும். நலமாகத் தோன்றும் கன்றின் சிறுநீரகத்திலே மாட்டு வயிற்றோட்ட வைரசு ஓசையின்றிக் குடியிருக்கவுங் கூடும். இதனாலேயே பின்வந்தோர், 1962இல் யப்பானிற் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து தோற்றுவிக்கப்பட்ட, முடிவின்றிப் பெருகும் வேரோ கலங்களை நாடினர். பிளவ்றைற் பதப்படுத்திய அதே வைரசை அவற்றில் வளர்த்து உலர்த்தி, குளிரூட்டாமலே ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும் மருந்தாக்கினர். 1990களில், போர் நடந்த தென் சூடானில், பயிற்சிபெற்ற மந்தைக்காரரே அதனைச் சுமந்து நடந்தனர்.

நம் நாட்டிலும் நெடுங்காலம் இல்லாதிருந்த இந்நோய் 1987இல் மீண்டும் புகுந்தது. 1994இன் பின்னரே இங்கு அது காணப்படவில்லை.

பிளவ்றைற்றுக்கு 1999இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. உரோமிலிருந்து வந்த அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. 2010 பெப்ரவரியிலே காலமானார். இங்கிலாந்தின் பேர்பிறைற் நிறுவனம் தன்னிடமிருந்த வெக்கை நோய் வைரசுச் சேமிப்பை 2019இல் அழித்துவிட்டது. எனினும் கன்றின் கலங்களிற் பழகித் தணிந்த அந்த மருந்து வைரசு, நோய் மீளவும் தலைகாட்டுமாயின் உதவுமென, தெரிந்தெடுத்த சில ஆய்வுகூடங்களில் உறைகுளிரிற் காக்கப்படுகின்றது.