நெறிகளை ஏன் அகற்றுகிறார்கள்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். வெள்ளகோவில் பக்கத்துக் குழந்தைகளும் இதை அறிவர். அந்த நெறியையே நம் பாடநூல்கள் நிணநீர்க் கணு என்கின்றன. திசுக்களிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டி, கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் சாவடி அது. சிறுநீர்ப்பைப் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் தங்குமிடமும் இதுவே.

பையின் உட்சவ்வோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்றைச் சிறுநீர்ப் பாதை வழியே கருவி செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுவர். தேவையெனில் காசநோய்த் தடுப்புக்கு நாமறிந்த பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் செலுத்துவர். அந்நிலையில் நெறிகளைத் தொடுவதில்லை. மருந்துக்கு அடங்காத போதும், புற்று தசையில் ஊன்றிய போதும் பையையே அகற்ற நேர்கிறது. அப்போது இடுப்புக்கூட்டின் இருபுறத்து நெறிகளையும் உடன் எடுக்கின்றனர்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் முப்பதாண்டு உழைத்த என் பெரியப்பாவுக்கு இவ்வறுவை நடந்தது. (சாயத் தொழிலாளருக்கு இந்நோய் வருவதை ஜெர்மானிய மருத்துவர் ரேன் 1895-லேயே எடுத்துரைத்தார். பெரியப்பாவுக்குப் பீடியும் உண்டு. புகையே இந்நோயின் முதற்காரணம்.) வீட்டில் ஆங்கிலம் படிப்பவன் நான் ஒருவனே ஆதலால் பரிசோதனைத் தாள் என் கைக்கு வந்தது. எடுத்த 18 நெறிகளில் ஒன்றிலும் புற்றில்லை. படித்துச் சொன்னதும் அவர் கேட்டார்: "சீக்கில்லாததை எதுக்குக் கண்ணு அறுத்தாங்கோ?"

நியாயமான கேள்வி. நெறிக்குள் பதுங்கிய சிறு புற்றுத்துகள் ஸ்கேன் படத்தில் தெரிவதில்லை. தசையில் ஊன்றிய புற்றுக்காகப் பை அகற்றப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நெறிகளிலும் புற்று இருக்கிறது. எடுத்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்பதற்கு அம்முடிவு வழிகாட்டும். ஓரிரு நெறிகளில் மட்டும் புற்றிருந்து, அவற்றை எடுத்ததால் நெடுங்காலம் வாழ்வோரும் உளர். பெரியப்பாவின் தாளில் இருந்த அந்தச் சுழியை அறியவே பதினெட்டையும் எடுக்க வேண்டியிருந்தது.

அப்படியாயின் இன்னும் மேலேறி, வயிற்றுப் பெருந்தமனி கிளைபிரியும் இடம் வரை அனைத்தையும் எடுத்தால் என்ன? அறுவை மருத்துவர் பலர் நெடுநாள் அவ்வாறே கருதினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 592 நோயாளிகளிடம் இதனைச் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர், மிகுதியாக எடுத்த பிரிவில் நூற்றுக்கு 59. வழக்கமான அளவில் எடுத்த பிரிவில் 63. தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தோரோ முறையே நூற்றுக்கு 7, 2! இவர்கள் தசையில் புற்று ஊன்றியவர்கள். தசையை எட்டாத முரட்டுப் புற்றினரையும் சேர்த்து ஜெர்மனியில் 401 பேரிடம் நடத்திய சோதனையிலும் (2019) மிகுதியாக எடுத்ததால் உறுதியான நன்மை காணப்படவில்லை.

பெரியப்பாவுக்கு இடுப்புக்கூட்டோடு நிறுத்தியிருந்தனர். ஏன் மேலே போகவில்லை என்று அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.