கொடுவா தப்புவது எதனால்?

காரைக்கால் பட்டினச்சேரிப் பக்கம் திருமலைராஜன் ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போடுவோரிடம் பேச்சுக் கொடுத்தால், தப்பிய கொடுவா மீனைப் பற்றியே முதலில் சொல்வார்கள். குறை தம்முடையதே என்றும் ஒப்புக்கொள்வார்கள்.

பெரும் குறை அவசரம். தங்கூஸ் அசைந்ததுமே இழுத்துவிடுகிறார்கள். கொடுவா இரையைக் கொறிக்காது. நீரோடு உறிஞ்சி விழுங்கும். உயிர் இறாலோ மடவைக் குஞ்சோ கோத்திருந்தால், தங்கூஸ் இறுகும்வரை பொறுப்பதே சரி.

கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி போன்றது. துள்ளித் தலையை உதறினால் மெல்லிய தங்கூஸ் அறுந்துவிடும். முள்ளுக்கு மேல் ஒரு முழம் தடித்த தங்கூஸ் கட்ட வேண்டும். இது தெரிந்தும் சோம்பலால் விடுபவர்களே அதிகம்!

சிலர் தயங்கிச் சொல்லும் குறை, குஞ்சைத் திருப்பி விட மனம் வராதது. கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். அரைக் கிலோக் குஞ்சு ஒருமுறைகூட இனம் பெருக்காதது. அதைப் பிடித்தால் நாளைய தாய் மீனும் போயிற்று.

பிடித்த குஞ்சைக் கெண்டைக் குளத்தில் விடும் விவசாயிகளும் உண்டு. நன்னீரிலும் கொடுவா வாழும். ஆனால் கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுவிடும். வளர்க்க விரும்புவோர் பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கித் தனிக்குளத்தில் விடலாம். சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளது. பெரிய குஞ்சு சிறியதை விழுங்கும். ஆதலால் அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும்.