மடக்குக் கத்தி வாங்குமுன்

மனிதன் கையாண்ட கருவிகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று கத்தி. கல்லைச் சீவிக் கூராக்கிய நாள்முதல் இன்றுவரை அது இல்லாத வீடில்லை; தொழிலுமில்லை. மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கத்தியும் நேற்று வந்ததன்று. உரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. ஆயினும் இன்று ஒரு மடக்குக் கத்தி வாங்கக் கடைக்குச் செல்லும் நம்மில் பலர் அதன் பளபளப்பை ஒரு கண்ணாலும் விலையை மறு கண்ணாலும் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் மட்டுமே எனில் இது போதும். களப்பயணத்தில் கிளை வெட்டும் தாவரவியல் மாணவருக்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கயிறும் சாக்கும் அறுப்பவருக்கும், தோட்டத்தில் ஒட்டுக்கட்டுபவருக்கும் இது போதாது. அவர்களுடைய கத்தி உழைக்க வேண்டும். விலையும் கைக்கு எட்ட வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை ஈண்டுக் காண்போம்.

எளிமையே வலிமை

உழைப்பாளர்க்கென மலிவாகச் செய்யப்பட்டு நூறாண்டுக்கு மேல் நிலைத்துவிட்ட கத்திகள் சில உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கத்தி. பீச் மரப்பிடி, எஃகு அலகு, ஓர் ஆணி, பிடியின் தலையில் ஓர் உலோகக் காப்பு ஆகிய நான்கே அதன் உறுப்புகள். உழவரும் மேய்ப்பரும் அதை வாங்கினர். விரித்த அலகு மடங்காமல் தடுக்கும் சுழல் வளையம் 1955-இல் ஐந்தாவது உறுப்பாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து அதன் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1891-இல் தம் நாட்டுப் படைக்கு வழங்கத் தொடங்கிய வீரர் கத்தியும், ஜப்பானின் மிக்கி நகரில் 1890-களில் தோன்றிய 'ஹிகோனோகாமி' என்னும் கத்தியும் இவ்வகையினவே. பிந்தியது மடித்த தகட்டுப் பிடியும் ஓர் அலகும் ஓர் ஆணியுமே கொண்டது. பள்ளிச் சிறுவர் பென்சில் சீவப் பயன்படுத்திய அளவுக்கு அது மலிவாக இருந்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. மலிவான கத்தியில் செலவிடப்படும் பணம் கொஞ்சமே. அக்கொஞ்சமும் அலகிலும் இணைப்பிலும் சென்றிருந்தால் கத்தி உழைக்கும். வேலைப்பாட்டிலும் பளபளப்பிலும் சென்றிருந்தால் உழைக்காது.

அலகின் எஃகு

கடைக்காரர் "நல்ல ஸ்டெயின்லெஸ்" என்று கூறுவார். அச்சொல் கூரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதை நாம் அறிதல் வேண்டும். துருவை எதிர்க்கும் அளவுக்கு, குறைந்தது 10.5 சதவீதம், குரோமியம் கலந்துள்ளது என்பதே அதன் பொருள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டும் அவ்வினத்ததே. அதை எத்துணைத் தீட்டினும் கூர் நில்லாது. கூர் நிற்க வேண்டுமானால் எஃகில் போதிய கரி இருத்தல் வேண்டும். முறையாகப் பதப்படுத்தியும் இருத்தல் வேண்டும்.

கரி எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகிறது; உடன் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பையும் பெறுகிறது. பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் மீண்டும் சூடேற்றினால் கடினம் சற்றே குறைந்து, முறியாத தன்மை கூடுகிறது. கடினமும் முறியாமையும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒன்று உயர மற்றொன்று தாழும். கடினம் மிகுந்த அலகு நெடுநாள் கூர் காக்கும், ஆனால் முடிச்சுள்ள மரத்தில் பட்டால் வாய் உடையும். கடினம் குறைந்ததோ அடிக்கடி மழுங்கும், ஆனால் எளிதில் தீட்டிக்கொள்ளலாம். ஆகவே கடும் உழைப்புக்கு நடுத்தரமே நலம். ராக்வெல் 'சி' அளவில் 55 முதல் 59 வரை போதுமானது. சுவிஸ் சட்டைப்பைக் கத்திகளின் அலகு 56 அளவில் இருக்கிறது.

கரி எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்பது இடத்தைப் பொறுத்தது. கடற்கரையில் வாழ்வோரும், மாங்காயும் எலுமிச்சையும் நறுக்குவோரும் பின்னதைக் கொள்க. துடைத்து எண்ணெயிட்டு வைக்கும் பழக்கமுடையோர்க்குக் கரி எஃகு குறைந்த விலையில் நிறைந்த பயன் தரும்.

அலகின் கனத்தையும் நோக்க வேண்டும். வளைவை எதிர்க்கும் ஆற்றல் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 2 மில்லிமீட்டரை 3 ஆக்கினால் விறைப்பு 8-லிருந்து 27 ஆக, அதாவது மூன்று மடங்குக்கும் மேலாக உயரும். ஆயினும் கனம் மிகுந்தால் அலகு ஆப்புப் போலாகி அறுக்காமல் பிளக்கும். முதுகு தடித்தும் வாயை நோக்கிச் சீராக மெலிந்தும் செல்லும் அலகே சிறந்தது.

இணைப்பில் இருக்கிறது சூட்சுமம்

மடக்குக் கத்தியின் வலுவற்ற இடம் அதன் இணைப்பு. இதை நெம்புகோல் விதி கொண்டு விளக்கலாம். அலகின் நுனி இணைப்பாணியிலிருந்து 8 சென்டிமீட்டர் தொலைவிலும், அலகைத் தடுக்கும் பூட்டு 1 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனியில் 5 கிலோ எடைக்குச் சமமான விசை முதுகுப் பக்கத்திலிருந்து விழுந்தால், பூட்டு 40 கிலோ எடையைத் தாங்க வேண்டும். தாங்காவிடில் அலகு மடங்கும். மடங்கும் வழியில் இருப்பவை நம் நான்கு விரல்கள்.

வாயைக் கீழ்நோக்கி அழுத்தி அறுக்கும்போது விசை அலகை விரிக்கவே முயல்கிறது. அப்போது ஆபத்து குறைவு. நுனியால் குத்தித் துளையிடும்போதும், மரத்தில் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதும் விசை திசை மாறி அலகை மடக்க முயல்கிறது. விரல் வெட்டுப்படுவது இவ்வேளைகளில்தான்.

பூட்டு வகைகள் பல. பேனாக்கத்திகளில் முதுகுப் பட்டைவில் ஒன்றே அலகைப் பிடித்திருக்கும். அது பூட்டன்று, சிறு வேலைக்கே ஏற்றது. அந்தப் பட்டையையே கொக்கிபோல் அமைத்து அலகின் பள்ளத்தில் விழச் செய்தால் அது முதுகுப் பூட்டு. அமெரிக்காவில் 1964-இல் வெளிவந்த பக் 110 என்னும் கத்தி இதைப் பரவலாக்கியது. பிடியின் உட்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுப்பது தகட்டுப் பூட்டு. இதில் தகடு மெலிந்திருப்பின் நம்பத்தகாது. வளையப் பூட்டு எளியது. ஆயினும் ஒவ்வொரு முறையும் நாமே திருக வேண்டும், மறந்தால் பூட்டில்லை. அமுக்கினால் தெறித்து விரியும் பட்டன் கத்தி திரைப்படத்துக்கு அழகு; உழைப்புக்கு ஆகாது. காவல்துறையின் ஐயத்துக்கும் அது இடமளிக்கும்.

கடையில் செய்யும் சோதனை

கத்தியை விரித்து அலகை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருத்தலாகாது. இணைப்பு திருகாணியாயின் இறுக்கிக்கொள்ளலாம். தறைந்த ஆணியாயின் புதிதிலேயே ஆடுவதை வாங்கற்க.

மடக்கி வைத்து மேலிருந்து நோக்குக. அலகு பிடியின் நடுவில் அமர வேண்டும். பக்கத்தில் உராய்ந்தால் வேலைப்பாடு சரியில்லை.

பூட்டிய நிலையில், விரல்கள் அலகு மடங்கும் வழியில் இல்லாதவாறு பிடியை இரு பக்கமும் பற்றி, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துக. ஓங்கி அடித்தல் கூடாது. பூட்டு நழுவினால் அக்கத்தியை விட்டுவிடுக.

பிடியை மூடிய கையால் இறுகப் பற்றிப் பார்க்க. ஐந்து நிமிட வேலையில் உறுத்தும் பிடி ஐம்பது நிமிடத்தில் கொப்புளம் தரும். வழவழப்பான பிடி வியர்வையில் வழுக்கும். மரப்பிடி நீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

பேணும் முறை

மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டும், பொருளையன்று, கையை. கூர் குறைந்தால் நாம் கூடுதலாக அழுத்துகிறோம், கத்தி வழுக்குகிறது. ஆதலின் சாணைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 பாகை சாய்வில் தண்ணீர் விட்டுத் தீட்டுக. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் உடனிருந்து கவனிக்க. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது வாய் நீலம் பாய்ந்தால், சூடு ஏறத்தாழ 300 பாகையை எட்டிவிட்டது என்பது பொருள். அவ்விடத்தில் எஃகின் பதம் கெட்டிருக்கும். பிறகு கூர் நில்லாது. அவ்வப்போது நீரில் நனைத்துத் தீட்டச் சொன்னால் இதைத் தவிர்க்கலாம்.

இணைப்பில் சேரும் மண்ணையும் பஞ்சையும் நீக்கி, ஒரு துளி தையல் எந்திர எண்ணெய் விடுக. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும்.

எவ்வளவு நல்ல மடக்குக் கத்தியாயினும் அது அரிவாளுமன்று, திருப்புளியுமன்று. டப்பா மூடியை நெம்பவும் விறகு பிளக்கவும் அதைப் பயன்படுத்துவோர் எத்துணை விலை கொடுத்து வாங்கினும் அதை முறிப்பர். அவ்வேலைகளுக்கு அலகும் பிடியும் ஒன்றாய் நிற்கும் மடங்காத கருவியே உரியது. விமானத்தில் ஏறும்போது கத்தி கைப்பையில் இருத்தலாகாது என்பதையும் மறவாதீர்.

சுருங்கக் கூறின், முதலில் இணைப்பைப் பார்க்க. அடுத்து அலகின் பதத்தைக் கேட்க. பின்பு பிடியைப் பற்றிப் பார்க்க. பளபளப்பைப் பார்ப்பது கடைசியில் இருக்கட்டும். அவ்வரிசையில் தேர்ந்தெடுத்தால் குறைந்த விலைக் கத்தியும் ஆண்டுகள் பல உழைக்கும். நம் விரல்களும் பத்தாகவே இருக்கும்.